ஞாயிற்றுக்கிழமை லீவும் ஓர் இலக்கியப் பிரச்சினைதான்

எல்ல ரயில் நிலையத்துத் திருப்பத்திலிருந்து வெல்லவாய வீதி வரை நடந்து பார்த்தால் ஆங்கிலத்துக்குப் பஞ்சமே இல்லை. கொத்துரொட்டிக் கடைக்கும் ஆங்கிலப் பலகை, உடுப்புக் கழுவும் கடைக்கும் ஆங்கிலப் பலகை, ஓட்டோக்களின் முதுகிலும் ஆங்கில வாசகம். நடுநடுவே மின்கம்பங்களில் 'மூன்றே மாதத்தில் பேச்சு ஆங்கிலம்' என்று தாள் ஒட்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை முன்னேற்றவென்று வருகிற திட்டங்கள் பெரும்பாலும் இந்தத் தாளைத்தான் கொஞ்சம் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வருகின்றன. தொண்டு நிறுவனத்து மிஸ் சொல்வதும் அதுதான், சங்கத்துத் தலைவர் சொல்வதும் அதுதான், விடுதி முதலாளி சொல்வதும் அதுதான். பிள்ளைக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வந்தால் போதும், எல்லயில் வேலை ரெடி.

பொய்யில்லை. எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா அங்கேயே கொழுந்து பறித்து ஓய்ந்தவர். உயர்தரத்தில் கலைப்பிரிவு எழுதி, இசட் புள்ளி போதாமல் பல்கலைக்கழகம் கைநழுவி, இப்போது எல்லயில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நிற்கிறேன். சம்பளத்தோடு சேர்விஸ் சார்ஜும் கிடைக்கிறது. ஆகவே பேச்சு ஆங்கிலத்தை நான் பழிக்கப்போவதில்லை. அதற்கு மேலே உனக்கெதற்கு என்று சொல்லாமல் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

நான் ஆங்கில இலக்கியமும் பண்பாட்டு ஆய்வும் பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன். பின்னால் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்கு ஆங்கிலம் புதிய சாமான் இல்லை. பெரிய துரை சின்னத் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்வார், அது கிளாக்கரையா வழியாகக் கணக்கப்பிள்ளைக்கு வந்து, கங்காணி வாயில் தமிழாகிப் பிரட்டுக்களத்தில் எங்கள் தலையில் இறங்கும். கீழேயிருந்து ஒரு சொல் மேலே ஏற வேண்டுமென்றால் பதுளைக்குப் போய்ப் பெட்டிசன் எழுதுகிறவரைத் தேட வேண்டும். அவருக்குக் காசு. அவர் என்ன எழுதினார் என்று கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. இன்றைக்கு எல்லயில் பேசுகிற ஆங்கிலம் அதைவிடப் பல மடங்கு இனிமையானது, சிரிப்போடு வருவது. ஆனால் அதிலும் கேட்கிறவர் அவர்தான், பதில் சொல்கிறவர்தான் நாங்கள். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எந்த வழி? வெந்நீர் வருமா? அட்டை கடித்தால் என்ன செய்வது? இதற்கெல்லாம் நான் நன்றாகவே பதில் சொல்வேன். எனக்குக் கேட்கத் தெரிய வேண்டியிருந்தது. இந்த வயதில் மறுபடி கொப்பி தூக்கியது அதற்காகத்தான்.

கேட்கத் தெரிந்தவர்கள் எங்களுக்குள் முன்னமே இருந்தார்கள். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் தமிழில் மட்டுமா பத்திரிகை நடத்தினார்? துரைமாருக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்திலும் எழுதினார். சி.வி. வேலுப்பிள்ளை 1914-இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த சனத்தையே நாடற்றவர்களாக்கியது. மலையகத்துக்குப் பெயர் வாங்கித்தந்த அவருடைய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' கவிதையை அவர் ஆங்கிலத்தில்தான் எழுதினார். சக்தி அ. பாலையா தமிழாக்கிய பிறகுதான் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று அது எங்கள் கைக்கு வந்தது. 1970-இல் வந்த 'போர்ன் டு லேபர்' என்ற அவரது உரைநடை நூலும் ஆங்கிலம்தான். லயத்து வாழ்க்கையைத் தோட்டத்திலேயே பிறந்த ஒருவர் துரையின் பாஷையில், துரை வாசிக்கட்டும் என்று எழுதிய புத்தகங்கள் இவை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆங்கில இலக்கியம் என்ற பாடமே அங்கே இருக்கவில்லை. ஆங்கிலத்துக்கு ஒரு சேர் வருவார், ஒரு தவணை இருப்பார், மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 1945-இல் நாட்டுக்கெல்லாம் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகளை வெளியே விட்டுவிட்டார்கள். அரசாங்கம் அவற்றைக் கையேற்றது எழுபதுகளில்தான். அந்தப் பிந்தலின் வட்டியை நாங்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பகுதிநேரப் படிப்பு என்றால் ஏதோ இரண்டாந்தரம், காசு கொடுத்து வாங்குகிற பட்டம் என்று ஒரு முகச்சுளிப்பு இருக்கிறதே, அதைப் பற்றி. இந்த நாட்டில் பல்கலைக்கழகப் படிப்பு தொடங்கியதே வெளிவாரியாகத்தான். லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் வெளிவாரிப் பரீட்சையைத் திறந்துவிட்டது. 1921-இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும் வரைக்கும், தன் மாணவரை லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கே தயார்செய்தது. இன்றைக்கு மூக்கைச் சுருக்குகிறவர்களின் தாத்தாமார் பலர் அந்த வழியில் வந்தவர்கள்தான். 1980-இல் நாவலயைத் தலைமையிடமாகக் கொண்டு திறந்த பல்கலைக்கழகம் வந்தது. பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களும் வெளிவாரிப் பட்டம் நடத்துகின்றன. வேலை செய்துகொண்டே படிப்பது இங்கே யாரும் புதிதாகக் கண்டுபிடித்த குறுக்குவழி கிடையாது.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்றைப் பாடத்துக்குள் போன பிறகுதான் கண்டேன். பண்பாட்டு ஆய்வு என்கிற துறையே தொழிலாளருக்கான மாலை வகுப்புகளில் உருவானது. ரேமண்ட் வில்லியம்ஸ் வேல்ஸ் எல்லையோரக் கிராமம் ஒன்றில் ரயில்வே சிக்னல்காரரின் மகன். கேம்பிரிட்ஜில் பேராசிரியராவதற்கு முன்னால், 1946 தொடக்கம் பதினைந்து வருடம் தென் இங்கிலாந்தின் சிறு ஊர்களில் வேலை முடித்து வருகிற வளர்ந்தவர்களுக்கு மாலையில் இலக்கியம் நடத்தியவர். ரிச்சர்ட் ஹோகார்ட் ஹல் நகரில் அதே வேலை. ஈ.பி. தோம்சன் லீட்ஸில் அதே வேலை. நாவலைப் பாடமெடுக்கப் போன இடத்தில், நாங்கள் பாடுகிற பாட்டு, நாங்கள் வாசிக்கிற பத்திரிகை, நாங்கள் கூடுகிற இடம் இதெல்லாம் என்ன கணக்கில் சேரும் என்று முன்வரிசையில் இருந்த தொழிலாளர் கேட்டிருப்பார்கள் அல்லவா? பிறகு வந்த புத்தகங்களெல்லாம் அந்த அறைகளின் வாடையோடுதான் வந்தன. ஹோகார்ட் 1957-இல் எழுதிய நூல் அப்படி, வில்லியம்ஸ் அடுத்த வருடம் எழுதியதும் அப்படி. இந்தத் துறை எங்கே பிறந்தது என்று எழுதுகிறவர்கள் புத்தகங்களை மட்டும் எண்ணுகிறார்கள், வகுப்பறைகளை மறந்துவிடுகிறார்கள் என்று கடைசிக் காலத்தில் வில்லியம்ஸே குறைப்பட்டுக்கொண்டார். தெமோதரை ஸ்டேஷனில் சிக்னல் பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளை இதைப் படித்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

ஸ்டூவர்ட் ஹாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1932-இல் ஜமைக்காவில் பிறந்து, புலமைப்பரிசிலில் ஒக்ஸ்போர்ட் போய், ஹோகார்ட் 1964-இல் பேர்மிங்ஹாமில் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தைப் பிறகு தலைமையேற்று நடத்தியவர். 1979-இல் அதை விட்டுவிட்டுப் பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிப்பின் பின்னணி இல்லாத சாதாரணச் சனத்தோடு, பெண்களோடு, கறுப்பின மாணவர்களோடு பேச வேண்டும் என்று விரும்பிப் போனார். 1997-இல் ஓய்வுபெறும் வரை அங்கேதான்.

அவருடைய பேச்சொன்றைக் கைபேசியில் வாசித்துக்கொண்டிருந்தேன். இரவு ஷிப்ட், விருந்தினரெல்லாம் அறைக்குப் போய்விட்டார்கள். ஆங்கிலேயரின் தேநீர்க் கோப்பையின் அடியில் கிடக்கிற சீனி நான்தான் என்கிறார் ஹால், கரும்புத் தோட்டத்து ஜமைக்காவை மனதில் வைத்து. சரி, நல்ல பேச்சு என்று போய்க்கொண்டிருந்தேன். அடுத்த அடியில் தேயிலைக்கு வருகிறார். ஆங்கிலேயர் என்றால் தேநீர் என்று உலகமே சொல்கிறது, ஆனால் அந்த நாட்டில் ஒரு தேயிலைத் தோட்டமாவது உண்டா, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, சிலோன் என்று பெயர் சொல்கிறார். வெளியே இருக்கிற அந்த வரலாறு உள்ளே இல்லாமல் ஆங்கிலேயருக்கு வரலாறே இல்லை என்கிறார். நான் எழும்பிப் போய் மேசையில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து மறுபடி வாசித்தேன். எங்களைப் பாவம் என்று எழுதியதைப் படித்திருக்கிறேன், பச்சைப் புடைவை கட்டிய மலை என்று எழுதியதையும் படித்திருக்கிறேன். ஆங்கிலேயன் தன்னை ஆங்கிலேயன் என்று சொல்லிக்கொள்வதற்கே எங்கள் அம்மாமார் பறித்த கொழுந்து தேவைப்பட்டது என்று ஒருவர் எழுதி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால், எனக்கு முதுகுப் பக்கமாக, சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. பிரம்புக் கூடையைத் தலைவழியாகத் தொங்கவிட்ட பெண், சிவப்புச் சேலை, புதிதாய் வைத்த பொட்டு, விரலிடுக்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். சிரிக்கிறாள். இறங்குகிற விருந்தினரில் பாதிப்பேர் முதலில் அவளைப் படம் பிடித்துக்கொண்டுதான் பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். பண்பாட்டு ஆய்வில் முதல் ஒப்படைக்கு ஒரு விளம்பரப் படத்தை வாசித்து எழுதச் சொன்னார்கள். வேறெங்கே போவேன்? திரும்பி நின்றேன்.

என்னென்ன இல்லை என்று எழுதத் தொடங்கினேன். இடுப்பில் படங்கு இல்லை. பனியில் நனையாமலும் செடிக் குச்சி கிழிக்காமலும் இருக்க அது இல்லாமல் எந்தப் பெண்ணும் மலைக்கு ஏறமாட்டாள். காலில் அட்டைக்குப் பூசிய சோப்பு இல்லை. பிரம்புக் கூடை இருக்கிறது, ஆனால் எங்கள் மலையில் நைலோன் பை வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தராசு இல்லை, தராசுக்குப் பக்கத்தில் ஈரத்துக்கென்றும் பைக்கென்றும் கிலோ கழிக்கிறவர் இல்லை. விரல் நுனியில் கறுப்புக் கறை இல்லை. ஒருநாள் என் சம்பளப் பணத்தை வாங்க அம்மா விடுதிக்கு வந்தார். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காலிக் கூடையோட நின்னுக்கிட்டு என்னாத்துக்கு சிரிக்கிறா? கங்காணி பாத்தா அரைப்பேர்தான்" என்றார். அரைநாள் சம்பளம்தான் என்று அர்த்தம்.

அதை அப்படியே ஒப்படையில் எழுதிவிட்டேன். திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில் 'ஆதாரம் என்ன?' என்று கேட்டிருந்தார். முப்பது வருடத்துக் கொழுந்து என்று பதில் எழுத ஆசைதான். புள்ளி குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது எல்லப் பக்கத்தில் அந்தப் படத்துக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம். காசு கொடுத்தால் சேலை கட்டிவிட்டு, கூடை மாட்டிவிட்டுப் படம் எடுத்துத் தருகிறார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆசையாகக் கட்டிக்கொள்கிறார்கள், எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. பறிப்பதைவிடப் படத்துக்கு நிற்பதில் கூடக் கிடைக்கிறது என்று பாதையோரம் வந்து நிற்கிற அக்காமாரின் மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் இதெல்லாம் என்ன, யார் யாருக்கு எதை விற்கிறார்கள் என்று பெயர் சொல்லிப் பேசுகிற ஒரு படிப்பு இருக்கிறது. அந்தப் படிப்பு நடக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், எல்லயைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

பண்பாட்டு ஆய்வு கூட இருப்பதால் பழைய கவிதையும் வேறு மாதிரித் திறக்கிறது. வேர்ட்ஸ்வொர்த் 1807-இல் வெளியிட்ட 'த சொலிட்டரி ரீப்பர்' எல்லாருக்கும் தெரிந்த கவிதைதான். ஸ்கொட்லாந்து மலையில் ஒரு பெண் தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டு பாடுகிறாள், வழிப்போக்கர் நின்று கேட்கிறார், அவள் பாஷை அவருக்குப் புரியவில்லை, என்ன பாடுகிறாள் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்கிறார், பிறகு பாட்டை மனதில் சுமந்துகொண்டு நடந்துவிடுகிறார். இதிலே இன்னொரு சங்கதி. அந்தப் பெண்ணைக் கவிஞர் நேரில் கண்டதாக இல்லை. நண்பர் தோமஸ் வில்கின்சனின் பயணக் குறிப்பில் இருந்த ஒரு வாக்கியம்தான் கவிதைக்கு விதை. அதாவது எங்கள் விடுதியின் விருந்தினர் குறிப்பேட்டில் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போகிற இரண்டு வரி மாதிரி. வகுப்பில் எல்லாரும் வழிப்போக்கர் பக்கத்தில் நின்று கவிதையின் இசையைப் பேசினார்கள். பசறைப் பக்கத்திலிருந்து வருகிற தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருத்தி கையை உயர்த்தி, அவள் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாள், அந்த வயல் யாருடையது என்று கேட்டாள். விரிவுரையாளர் சிரித்தார். அன்றைய வகுப்பின் மீதி நேரம் முழுக்க அந்தக் கேள்வியில்தான் போனது, அதுவே நல்ல வகுப்பு. இலங்கைக்கு வந்த தோட்டத் துரைமாரில் நிறையப்பேர் ஸ்கொட்லாந்துக்காரர். எல்லயைச் சுற்றி நியூபர்க், கினெல்லன் என்று அவர்கள் ஊர்ப்பெயர்கள். பூண்டுலோயாவில் டன்சினன் என்றே ஒரு தோட்டம், மக்பெத்தின் கோட்டை. தன் ஊர் மலையின் பெயர்களைக் கொண்டுவந்து இங்கே நட்டவர்கள், இங்கே பாடியவர்களின் பாஷையை எவ்வளவு கேட்டார்கள் என்பதும் அந்தக் கவிதைக்குள்ளே இருக்கிற விஷயம்தான்.

வேர்ஜினியா வுல்ஃபின் 'எ ரூம் ஒஃப் வன்ஸ் ஓன்' பாடத்தில் இருந்தது. 1929-இல் வந்த புத்தகம். பெண் எழுத வேண்டுமென்றால் வருடத்துக்கு ஐந்நூறு பவுணும், பூட்டுப் போட்ட ஓர் அறையும் வேண்டும் என்கிறார். நான் அதைப் படித்தது லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அண்ணன் பிள்ளைகள் பக்கத்தில் படுத்திருக்க. உடனே நினைவுக்கு வந்தது தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கதை. ஜோசப் எங்கள் மாவட்டத்துக்காரர். 1934-இல் ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் வாத்தியாராக இருந்து, தோட்டத்துப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர். வயது வந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்தெழும்புகிற குடும்பத்தின் நெருக்கடியை அந்தக் கதையில் எழுதினார். வுல்ஃப் கேட்ட அறையையும் ஜோசப் எழுதிய காம்பராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதினால் எப்படி இருக்கும்! போதாததற்கு, வேர்ஜினியாவின் கணவர் லெனார்ட் வுல்ஃப் எல்லக் கணவாயிலிருந்து தெற்கே இறங்கினால் வருகிற அம்பாந்தோட்டையில் 1908 தொடக்கம் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், அந்தக் காட்டுக் கிராமத்தை வைத்து 1913-இல் நாவல் எழுதியவர். அவர் நாவல் எங்கள் பாடத்திட்டத்தில் உண்டு. ஒண்டாச்சியின் 'ரன்னிங் இன் த ஃபமிலி' உண்டு. அதிலே தோட்டம் வருகிறது, துரைமார் வருகிறார்கள், கூத்தும் குடியுமாக அழகாக வருகிறார்கள், கொழுந்து பறிக்கிறவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. சி.வி. இல்லை. கோகிலம் சுப்பையா தன் 'தூரத்துப் பச்சை'யை ஆங்கிலத்தில் 'மிராஜ்' என்று தந்தாரே, அதுவும் இல்லை. இந்தியப் பக்கம் போனால் முல்க் ராஜ் ஆனந்த் 1937-இலேயே அசாம் தேயிலைத் தோட்டத்தை நாவலாக்கினார். வால்பாறையை வைத்து மருத்துவர் பி.எச். டேனியல் 1969-இல் 'ரெட் டீ' எழுதினார், அதுதான் இரா. முருகவேள் கையில் 'எரியும் பனிக்காடு' ஆனது. நான்கு புத்தகத்தையும் ஒன்றாக வைத்தால் ஒரு தவணைக்கான பாடம் ரெடி. பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கேட்டால் எனக்கொரு சந்தேகம் உண்டு. தேயிலைத் தோட்டத்திலிருந்து மாணவர் வருவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்களைப் பற்றிய நல்ல ஆராய்ச்சியெல்லாம் ஆங்கிலத்தில் கிடக்கிறது. மானிடவியலாளர் இ. வலன்டைன் டேனியல் தோட்டத்தில் துரையும் தொழிலாளியும் தேயிலையைப் பற்றிப் பேசுகிற இரண்டு விதமான பேச்சை 1993-இல் ஒரு கட்டுரையில் அலசியிருக்கிறார். மைத்ரி ஜெகதீசன் தோட்டப் பெண்களைப் பற்றி 2019-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அம்மாவின் வேலை, அம்மாவின் சம்பளம், லயத்துக் கூரை என்று எல்லாமே அந்தப் பக்கங்களில் இருக்கின்றன, டொலர் விலையில், கடினமான ஆங்கிலத்தில். எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லவாவது எங்களில் பத்துப்பேருக்கு அந்த ஆங்கிலம் வர வேண்டாமா? மூன்று மாத வகுப்பில் அது வராது.

இலக்கியம் சோறு போடுமா என்பார்கள். அம்மா கேட்பது வேறு மாதிரி: "இன்னுமா முடியல? பிள்ளைங்க படிச்சு முடிச்சு கல்யாணமே கட்டிருச்சுங்க." சோறு போடாது என்றும் சொல்ல முடியாது. தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இல்லாத குறை இன்னும் தீரவில்லை, பட்டத்தோடு போனால் கதவு திறக்கும். ஆனால் அந்த வாதத்துக்குள் நான் அதிக நேரம் நிற்க விரும்பவில்லை. கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளை ஷேக்ஸ்பியர் படித்தால் ஏன் படிக்கிறாய், வேலை கிடைக்குமா என்று யாரும் விசாரிப்பதில்லை. எங்களிடம் மட்டும் ரசீது கேட்கிறார்கள்.

வகுப்பில் எங்களோடு வெலிமடையிலிருந்து ஒரு சிங்கள வங்கி உத்தியோகத்தர் படிக்கிறார். யஸ்மின் குணரத்னவின் 'பிக் மெட்ச் 1983' கவிதையை எடுத்த நாளில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. 1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளை நகரமும் எரிந்தது. என் வீட்டில் அதைப் பற்றித் தமிழில் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும், அவர் வீட்டில் சிங்களத்தில் பேசுவதே இல்லையாம். இரண்டுபேரும் ஆங்கிலத்தில், அதுவும் ஒரு கவிதையைக் காரணம் காட்டித்தான் முதல்முறையாகப் பேசினோம். பெரிய சமரசமெல்லாம் ஒன்றும் நடந்துவிடவில்லை. மதியம் அவர் கொண்டுவந்த கிரிபத்தில் பங்கு கிடைத்தது.

இப்போது குறைகள். வகுப்பெல்லாம் சனி, ஞாயிறு. வேலை செய்கிறவர்களுக்கு வசதி என்று வைத்திருக்கிறார்கள், அரசாங்க உத்தியோகத்தருக்கு வசதிதான். எல்லயில் சனியும் ஞாயிறும்தான் விடுதி நிரம்பி வழிகிற நாட்கள். எங்களுக்கு வாரத்தில் ஒருநாள் லீவு உண்டு, அது செவ்வாயாக இருக்கும், புதனாக இருக்கும். ஞாயிறு கேட்டால் ரோஸ்டர் போடுகிறவர் என்னைப் பார்க்கிற பார்வையைச் சொல்லில் எழுத முடியாது. ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஒரு தம்பி இருக்கிறான், நல்லவன், ஆனால் அவனுக்கும் பதிலுக்கு நான் இரண்டு இரவு நிற்க வேண்டும். வேலைக்கு வராத நாளுக்குச் சேர்விஸ் சார்ஜில் வெட்டு. கருத்தரங்கு கண்டியில் என்றால் இன்னும் விசேஷம். எல்ல–கண்டிப் பாதையை உலகத்தின் அழகான ரயில் பாதைகளில் ஒன்று என்று எழுதிவைத்துவிட்டார்கள், ஆசனம் எல்லாம் வெளிநாட்டுக்காரருக்குப் போய்விடும், நாங்கள் மூன்றாம் வகுப்பில் வாசல் பக்கம் நசுங்கிக்கொண்டு, செல்ஃபி எடுக்கிறவர்களின் முழங்கைக்குக் கீழே நின்று மில்டனை வாசித்துக்கொண்டு போவோம். புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகாது, பதுளையில் போட்டோகொப்பி எடுத்து நூல் கட்டிவைத்துக்கொள்வதுதான் வழி. மழை பிடித்தால் மலைச்சரிவில் சிக்னல் போய்விடும், இணைய வகுப்பில் விரிவுரையாளர் பாதி வாக்கியத்தில் உறைந்து நிற்பார். கொழும்பு ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிறவர்கள் எங்கள் உச்சரிப்பைக் கேட்டுப் புருவத்தைத் தூக்குவார்கள், அதை இங்கே விரிக்கவில்லை.

இதில் எதுவுமே தீராத நோய் இல்லை. 2005-இலிருந்து பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்குப் பட்டம் உண்டு, சுற்றுலா முகாமைத்துவத்துக்கும் பட்டம் உண்டு. கோப்பையிலுள்ள தேநீருக்கும் கோப்பையை நீட்டுகிற கைக்கும் படிப்பு வந்தாயிற்று. அந்தக் கட்டடங்களில் வாரநாள் மாலையில் விளக்கைப் போட்டு, விடுதிகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கில இலக்கியமும் பண்பாட்டு ஆய்வும் நடத்த ஓர் அறை ஒதுக்கலாம். அதைச் செய்வது எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். காமன் கூத்தும் பொன்னர்–சங்கரும் தப்பும் இன்னும் ஆடப்படுகிற தோட்டங்கள் சுற்றிவர இருக்கின்றன, ஆய்வுக்குப் பொருள் தேடி யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. பொது நூலகங்களில் மலையகத்தைப் பற்றிய ஆங்கில நூல்களுக்கென ஒரு தட்டு வைக்கலாம். 2023-இல், எங்கள் முன்னோர் வந்து இருநூறு வருடம் என்று, 'மலையகம் 200' என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம், மேடைகள் போட்டோம். அந்த மேடைச் செலவில் ஒன்றைக் குறைத்திருந்தால் அந்தத் தட்டு நிரம்பியிருக்கும். சி.வி.யையும் 'மிராஜ்'ஐயும் பாடத்திட்டத்தில் சேர்க்க ஒரு பைசாச் செலவில்லை, குழுக்கூட்டத்தில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும்.

எல்ல விடுதி முதலாளிமாருக்கு என்னுடைய வேண்டுகோள் இன்னும் சின்னது. பதிவுக் கடிதம் காட்டுகிற ஊழியருக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு லீவு, சேர்விஸ் சார்ஜில் வெட்டு இல்லாமல். பரீட்சை வாரத்தில் இரவு ஷிப்ட் வேண்டாம். ரோஸ்டரை ஒரு மாதம் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள், பஸ்ஸோ ரயிலோ பார்த்து வைத்துக்கொள்வோம். சம்பள உயர்வை நான் இங்கே கேட்கவில்லை. அதற்கு வேறொரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.